கரண்டு ஆபீஸ் என்று வந்த போன்

1. பதினேழு மிஸ்டு கால்

இதை எழுத உட்காரும்போதே எனக்குக் கோபம் வருகிறது. எங்காவது வார்த்தை தடித்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். மின்சார வேலையில் ஹெல்ப்பராகச் சேர்ந்து, லைன் இன்ஸ்பெக்டராக ஓய்வு பெற்றவன் நான். பெயர் ஆரோக்கியம். புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்களுக்காக, என் கடைசி வருடத்தில் நடந்த ஒன்றை எழுதி வைக்கிறேன்.

அன்று மண்டபத்தூரில் வேலை. கடலோர ஊர்களில் இன்சுலேட்டரில் உப்பு படிந்து லைன் அடிக்கடி டிரிப் ஆகும். சப்ளையை நிறுத்தச் சொல்லி, சப்ஸ்டேஷனில் கேட்டு உறுதி செய்துகொண்டு போஸ்ட்டில் ஏறினேன். ஏறுவதற்கு முன் செல்போனை பைக் பெட்டியில் போட்டுவிடுவேன். மேலே இரண்டு கையும் வேலையில் இருக்கும்போது பாக்கெட்டில் போன் அடித்தால் கவனம் சிதறும்.

இறங்கி வந்து பார்த்தால் பதினேழு மிஸ்டு கால். எல்லாம் ஒரே ஆள், சமீமா. காரைக்கால் டவுனில் என் லைனில் இருக்கும் வீடு. உடனே கூப்பிட்டேன்.

"அண்ணே, நீங்க அனுப்புன ஆபீசர் போன எடுக்க மாட்டேங்குறாரு. பத்து ரூபா கட்டச் சொன்னாரு, கட்டுனேன். பேங்க்ல இருந்ததெல்லாம் போயிடுச்சுண்ணே."

"நான் யாரையும் அனுப்பலையேம்மா!"

அப்போது நான் என்ன செய்திருக்க வேண்டும்? பேங்குக்கும் சைபர் போலீசுக்கும் உடனே சொல்லு என்று சொல்லியிருக்க வேண்டும். நான் திட்டினேன். "ஆப் ஏத்துனியா? ஓ.டி.பி. சொன்னியா? டிகிரி படிச்ச பொண்ணு, அறிவிருக்கா?" ஒரு பத்து நிமிடம் நடுரோட்டில் நின்று கத்தினேன். அவள் அழுதுகொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள். அந்தப் பத்து நிமிடத்துக்கு இன்றும் என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருக்கிறது.

2. மூன்று மணிக்குக் கட்

சமீமாவின் கணவர் ஹமீது குவைத்தில் இருக்கிறார். வீட்டில் அவளும் மாமியாரும்தான். மாமியாருக்கு இதய வால்வில் கோளாறு. தஞ்சாவூரில் ஆபரேஷனுக்குத் தேதி வாங்கியாயிற்று, எட்டு நாள்தான் பாக்கி. அதுவரை வீட்டில் ஆக்சிஜன் மெஷின் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். ஆபரேஷனுக்கு என்று ஹமீது அனுப்பிய பணம் அவள் கணக்கில் இருந்தது.

அப்படிப்பட்ட வீட்டுக்குத்தான் காலையில் வாட்ஸ்அப்பில் ஒரு மெசேஜ். மேலே அரசு முத்திரை மாதிரி ஒரு படம். 'உங்கள் மின் இணைப்பு இன்று துண்டிக்கப்படும், உடனே இந்த அதிகாரியைத் தொடர்பு கொள்ளவும்' என்று ஒரு செல் நம்பர். பதறிப்போய்க் கூப்பிட்டிருக்கிறாள். நடந்த பேச்சை அவள் எனக்கு அப்படியே சொன்னாள்.

"மேடம், போன மாச பில்லு சிஸ்டத்துல ஏறல. மூணு மணிக்கு லைன் கட்."

"கட்டிட்டேனே சார், ரசீது இருக்கு. மாமிக்கு மெஷின் ஓடுது சார், வீட்ல நாங்க ரெண்டு பொம்பளைங்கதான் இருக்கோம், கட் பண்ணிடாதீங்க."

"ரசீது இருக்கலாம், அப்டேட் ஆகலையே. ஒரு ஆப் அனுப்புறேன். அத ஏத்திட்டுப் பத்து ரூபா மட்டும் கட்டுங்க, தானா சரியாயிடும்."

"இருங்க சார், எங்க ஆரோக்கியம் அண்ணன்ட்ட ஒரு வார்த்த கேட்டுக்குறேன்."

அவன் கொஞ்சம்கூடத் தடுமாறவில்லையாம். "யாரு, நம்ம ஆரோக்கியமா? அவர்தாங்க என்கிட்ட சொன்னாரு. பாவம் சார், பொம்பளைங்க தனியா இருக்காங்க, மெஷின் வேற ஓடுது, பாத்து முடிச்சுக் குடுங்கன்னாரு."

என் பெயர் அந்தப் படுபாவிக்கு எப்படித் தெரியும்? அவளே சொன்னதுதான். பெயரையும் வீட்டு நிலைமையையும் அவள் வாயிலிருந்தே வாங்கி, அவளிடமே திருப்பிச் சொன்னான். ஆப்பை ஏற்றியதும் அவள் போனில் தெரிவதெல்லாம் அவனுக்கும் தெரிந்தது. பத்து ரூபாய் கட்ட அவள் பின் நம்பரைப் போட்டாள், அவன் பார்த்துக்கொண்டான். மிச்சத்தை நாலே தடவையில் வழித்து எடுத்துவிட்டான். மூச்சுக்கு மெஷின் ஓடுகிறது என்று தெரிந்த பிறகும் எடுத்தான். அவனெல்லாம் மனிதனா?

3. நான் போட்டுக் கொடுத்த பழக்கம்

ஆபீசில் இதைச் சொன்னபோது சிலர் சிரித்தார்கள். "பத்து ரூபாய்க்கு ஆப் எதுக்குன்னு யோசிக்க வேணாமா?" என்றார் ஒருவர். எனக்கு வந்ததே ஆத்திரம். மேசையைத் தட்டிவிட்டேன். ஏன் அவள் யோசிக்கவில்லை என்று எனக்குத் தெரியும்.

அந்தத் தெருவில் பாதி வீட்டு ஆண்கள் சபுரில், அதாவது வெளிநாட்டுப் பிழைப்பில், குவைத்திலும் துபாயிலும் இருக்கிறார்கள். பெண்கள் மட்டும் இருக்கும் வீட்டில் திடீரென்று போய்க் கதவைத் தட்ட முடியாது. ஆகவே டிஸ்கனெக்‌ஷன் லிஸ்ட் கையில் வந்தால், ஃபியூஸைப் பிடுங்கப் போவதற்கு முன் என் சொந்தப் போனிலிருந்து கூப்பிடுவேன். "தங்கச்சி, உங்க வீடு லிஸ்ட்ல இருக்கு, இன்னைக்குக் கட்டிடுங்க." கவுன்ட்டருக்கு வர முடியாதவர்கள் என் போனுக்கே பணம் போட்டுவிடுவார்கள். நான் கவுன்ட்டரில் கட்டி ரசீதைப் படம் எடுத்து அனுப்புவேன். ஒரு வீட்டிலும் லைனை அறுக்காமல் வருடக்கணக்கில் வேலை பார்த்தேன் என்று எனக்கு அவ்வளவு பெருமை.

எங்கள் ஜூனியர் இன்ஜினியர் மேடம் ஒருமுறை கூப்பிட்டுச் சொன்னார். "ஆரோக்கியம், சொந்த நம்பர்ல பணம் வாங்காதீங்க. நல்லதுக்கில்ல."

"நான் என்ன திருடனா மேடம்?" என்று முகத்தில் அடித்த மாதிரி கேட்டேன்.

இப்போது சொல்லுங்கள். செல் நம்பரிலிருந்து கூப்பிடுவது, இன்றைக்கே கட் என்பது, போனிலேயே கட்டச் சொல்வது. திருடன் செய்த ஒவ்வொன்றையும் நான் முன்பே செய்து பழக்கி வைத்திருந்தேன். அவனுக்கு மிச்சமிருந்தது ஆப் ஒன்றுதான்.

4. இரண்டு மணி நேரம்

பைக்கை விரட்டிக்கொண்டு டவுனுக்கு வந்து, அவளை அழைத்துக்கொண்டு பேங்குக்கும் அங்கிருந்து போலீசுக்கும் போனேன். எழுதிக்கொண்ட அதிகாரி நேரத்தைப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"பணம் போனது தெரிஞ்சதும் சைபர் உதவி எண்ணுக்குச் சொல்லியிருந்தா இன்னும் நெறைய நிறுத்தியிருக்கலாமேம்மா. ரெண்டு மணி நேரமா என்ன பண்ணீங்க?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். "இவங்களுக்குத்தான் சார் போன் பண்ணிக்கிட்டு இருந்தேன்."

கடைசி ஒரு தடவை எடுத்தது மட்டும் பாதியில் நிறுத்தப்பட்டுத் திரும்பக் கிடைத்தது. மற்றது போனது போனதுதான். ஆபரேஷன் தேதி தள்ளிப்போனது. அன்று சாயந்தரம் ஹமீதிடம் வீடியோ காலில் நானே பேசினேன், தப்பு என் மேல் என்று சொன்னேன். அவர் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. "உம்மாவுக்கு அதுவரைக்கும் தாங்குமாண்ணே?" என்று மட்டும் கேட்டார். எனக்கு என்ன தெரியும்? சமீமா வளையலையும் சங்கிலியையும் விற்றாள். ஐந்து வாரம் அந்த மெஷின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே அந்த வீடு காத்திருந்தது.

5. அழியுங்கள்

ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்த பிறகு பார்க்கப் போனேன். முன்னதாகப் போன் செய்யவில்லை, வாசலில் நின்று குரல் கொடுத்தேன். மாமியார் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்.

"இவளத் திட்டாதீங்க தம்பி," என்றார். "அவன் பெரிய ஆபீசர் பேரு சொல்லியிருந்தா இவ போன வச்சிருப்பா. உங்க பேரத்தானே சொன்னான்."

பிறகு சமீமாவிடம் போனை எடுக்கச் சொன்னேன். என் நம்பரை 'கரண்டு அண்ணன்' என்று போட்டு வைத்திருந்தாள்.

"அழிம்மா. பில்லுல அச்சடிச்சிருக்குற ஆபீஸ் நம்பர அந்த இடத்துல போடு. கட்டணும்னா கவுன்ட்டர்ல கட்டு. கரண்டு ஆபீஸ்னு யார் கூப்பிட்டாலும், நானே கூப்பிட்டாலும், வச்சிட்டு அந்த நம்பருக்குப் போட்டுக் கேளு. ஆப் ஏத்துன்னு எவன் சொன்னாலும் அவன் திருடன். பணம் போச்சுன்னா யாரையும் தேடாத, முதல்ல பேங்குக்கும் சைபர் உதவி எண்ணுக்கும் சொல்லு."

அவள் அழித்தாள். ஆபீஸ் நம்பரைப் போட்டுக் காட்டினாள்.

அங்கிருந்து இறங்கி அந்தத் தெரு முழுக்க வீடு வீடாகப் போனேன். ஒவ்வொரு வாசலிலும் இதையேதான் சொன்னேன், என் நம்பரை அழிக்கச் சொன்னேன். வேலைக்கு வரும் தம்பி தங்கைகளே, உங்கள் சொந்த நம்பரை ஒரு வீட்டிலும் கொடுக்காதீர்கள், ஒரு ரூபாய்கூட அதில் வாங்காதீர்கள். உதவி என்று நினைத்துத்தான் நானும் செய்தேன்.

கடைசி வீட்டில் ஒரு அம்மா போனைக் கையில் வைத்துக்கொண்டு அழிக்க மாட்டேன் என்றார். "உங்கள நம்பாம நாங்க வேற யாரண்ணே நம்புறது?"

அந்த வார்த்தையைக் கேட்கத்தான் இத்தனை வருடம் ஆசைப்பட்டு வேலை பார்த்தேன். அன்று அதைக் கேட்டதும், "நம்பாதீங்கம்மா, அழிங்க!" என்று தெருவே திரும்பிப் பார்க்கக் கத்தினேன்.