அப்பாவின் கள்ளிச்செடியோடு பாலைவனத் தோட்டத்துக்கு

இது ஊர் சுற்றும் ஆசையில் போன பயணம் இல்லை. அப்பா இறந்து மூன்றாவது மாதம், இந்தப் பிப்ரவரியில், அவர் வளர்த்த கள்ளிச்செடியின் அடிப்பாகம் பழுப்பாகி, தொட்டால் அமுங்க ஆரம்பித்தது. பெங்களூரு சிவாஜிநகர் நடைபாதையில் எலுமிச்சை அளவில் வாங்கி, ஈஜிபுராவில் எங்கள் வாடகை வீட்டு பால்கனியில் தேங்காய் அளவுக்கு வளர்த்திருந்தார். முள்செடி வீட்டுக்கு ஆகாது என்று அம்மா போட்ட சண்டையை அவர் காதிலேயே வாங்கவில்லை. அவர் போனபிறகு அதே செடியை அம்மா பிடித்துக்கொண்டாள். அது அழுகுகிறது என்று அவளிடம் சொல்ல எனக்குத் தைரியமில்லை. மண் மாற்றி வருவதாகப் பொய் சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

கனகபுரா சாலைப் பக்கம் ஒரு குடும்பம் நடத்தும் பாலைவனத் தாவரத் தோட்டம் அது. விளம்பரம் வேண்டாம் என்று அவர்கள் சொன்னதால் பெயரைப் போடவில்லை. காலை எட்டு மணிக்கு ஆட்டோ பிடித்தேன். பனசங்கரி வரை 230 ரூபாய்.

"இன்னா மேடம், முள்ளுச்செடிய மடியில வெச்சினு குந்தியிருக்கீங்க? கீழ வெய்யுங்க" என்றார் ஓட்டுநர்.

"பள்ளத்துல குதிச்சா உடைஞ்சிடும்ணா."

"பள்ளம் இல்லாத ரோடு இந்த ஊர்ல எங்க கீது?" என்றவர், அதன்பின் மெதுவாகவே ஓட்டினார். பனசங்கரியிலிருந்து பேருந்தில் ஒரு மணி நேரம், இறங்கி ஒரு கிலோமீட்டர் நடை. நுழைவுக் கட்டணம் நூறு ரூபாய்.

உள்ளே அழகுதான், இல்லை என்று சொல்லமாட்டேன். ஆளுயரத் தூண்கள் போன்ற கள்ளிகள்; சோற்றுக்கற்றாழையின் செம்மஞ்சள் பூக்களில் தேன்சிட்டுகள்; பாறைமேல் கழுத்துச் சிவந்த ஓணான். ஒரு கள்ளியின் முள்ளில் வெட்டுக்கிளி ஒன்று குத்தப்பட்டுத் தொங்கியது. கீச்சான் குருவி இரையை இப்படித்தான் குத்திவைத்துச் சாவகாசமாகத் தின்னுமாம். வெட்டுக்கிளியின் ஒரு கால் இன்னும் அசைந்துகொண்டிருந்தது. எனக்கு எதையும் ரசிக்கப் பிடிக்கவில்லை.

தோட்டத்துக்காரம்மாவுக்கு ஐம்பது வயதிருக்கும். தாத்தா காலத்திலேயே இங்கு வந்துவிட்ட தமிழ்க் குடும்பம்; பேச்சில் கன்னடம் கலந்திருந்தது. செடியைத் திருப்பிப் பார்த்தார்.

"தினமும் தண்ணி ஊத்தறீங்களா?"

"அம்மா ஊத்தறாங்க. காலையில குளிச்சிட்டு, துளசிக்கு ஊத்தற மாதிரி ஒரு சொம்பு."

"அய்யோ தேவரே, கடவுளே! இதுக்கு மாசத்துக்கு ரெண்டு வாட்டியே ஜாஸ்தி. நீங்க சொல்லலையா?"

சொல்லவில்லை. அந்த ஒரு சொம்புக்காகத்தான் அம்மா படுக்கையைவிட்டு எழுந்தாள், குளித்தாள். அதை எப்படி நிறுத்தச் சொல்வது?

"ஸ்வல்ப இருங்க, கொஞ்சம் பொறுங்க. மேல நல்லா இருந்தா அத மட்டும் வெட்டி வேர் விட வைக்கலாம்" என்று கத்தியைத் துடைத்து, அடியிலிருந்து வட்டம் வட்டமாக நறுக்கினார். ஒவ்வொரு வட்டத்தின் நடுவிலும் பழுப்பு. உச்சிவரை போய்விட்டார். பச்சை எங்குமே இல்லை.

"இதே ஜாதி, இதே சைஸ் ஒண்ணு இருக்கு. எடுத்துட்டுப் போங்க, அம்மாக்கு தெரியாது" என்றார். வேண்டாம் என்றேன். தொட்டியை மட்டும் எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

போகிறவர்கள் ஒன்பதரைக்குள் போய்விடுங்கள். பதினொன்றுக்குமேல் பறவைகள் அடங்கிவிடுகின்றன. தொப்பியும் மூடிய செருப்பும் அவசியம். உள்ளே சாப்பாடு கிடையாது. வீட்டில் கள்ளி வைத்திருந்தால் மண் முழுக்கக் காய்ந்தபிறகு மட்டும் தண்ணீர் விடுங்கள்.

மதியம் இரண்டு மணிக்கு வெறுந்தொட்டியோடு வீட்டுக்கு வந்தேன். அம்மா தொட்டிக்குள் எட்டிப் பார்த்தாள். இன்னொரு பொய் வாயில் வரவில்லை.

"தண்ணி ஜாஸ்தியாகி அழுகிடுச்சும்மா."

அவள் அழவில்லை. தொட்டியை வாங்கிக் கீழே வைத்தாள்.

"கடைசி வாரம் பூரா தண்ணி தண்ணின்னு கேட்டாருடி. குடுத்தா நெஞ்சுல கட்டிக்கும்னு டாக்டர் சொல்லிட்டாரு. பஞ்ச நனைச்சு உதட்டுலதான் தடவுனேன். அதுக்காவது வயிறார ஊத்துவோம்னு பாத்தேன்" என்றாள்.