மில் சத்தத்தில் தூங்கிய பாப்பா

மூன்று வருடங்களுக்கு முன்பு, சித்திரை வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்த நேரம். திருச்செங்கோட்டுப் பக்கம், ஒரு கல்லூரி வாசலுக்கு எதிரே எனக்குத் தையல் கடை. கடை என்றால் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். ஒரு ஷட்டர், இரண்டு மெஷின், ஒரு ஃபேன், வந்தவர் உட்கார ஒரு பெஞ்ச், அவ்வளவுதான். ஜாக்கெட் வாங்க வருகிறவர்கள் வாங்கிய பிறகும் பெஞ்சை விட்டு எழுந்திருக்க மாட்டார்கள். எனக்கும் மெஷினை மிதித்துக்கொண்டே நாலு பேர் பேசுவதைக் கேட்டால்தான் அன்றைய பொழுது போகும். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். மிச்சம் தெரிந்ததெல்லாம் அந்தப் பெஞ்சில் உட்கார்ந்தவர்கள் சொல்லித் தெரிந்ததுதான்.

அன்று கல்லூரியில் செமஸ்டர் பரீட்சை. காலையில் ஷட்டரைத் தூக்கிக்கொண்டிருக்கிறேன், பின்னால் ஒரு பெண் வந்து நின்றாள். தோளில் புத்தகப் பை, இடுப்பில் ஒரு வயசுப் பெண் குழந்தை. முகம் தெரிந்த பெண்தான். போன மாதம் ஒரு சுடிதாரைப் பிடித்துத் தைத்துக் கொடுக்கச் சொல்லி வந்திருந்தாள்.

“அக்கா, ஒரு மணி வரைக்கும் பாப்பாவப் பாத்துக்குவீங்களா? உங்குளுக்குப் புண்ணியமாப் போகுங்க்கா” என்றாள். நான் பதில் சொல்வதற்குள் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

பெஞ்சில் உட்கார வைத்து விசாரித்தேன். புருஷன் போர்வெல் வண்டியில் வேலை பார்க்கிறார். வண்டி வடநாட்டுப் பக்கம் போனால் மாசக்கணக்கில் திரும்பாது. மாமியார் பள்ளிபாளையத்தில் தறி ஓட்டுகிறார். இவள் கல்லூரிக்கு வரும் நாட்களில் மாமியார்தான் பாப்பாவைத் தறிக்கூடத்துக்கே தூக்கிப் போய், ஓரமாகத் தொட்டில் கட்டிப் போட்டுப் பார்த்துக்கொள்வார். பக்கத்துக் கூடத்தில் யாரோ ஒரு பிள்ளை ஓடுகிற தறியில் கையை விட்டு அடிபட்டுவிட்டது. உடனே இவர்கள் முதலாளியும், இனிமேல் யாரும் பிள்ளைகளைக் கொண்டுவரக் கூடாது என்று முந்தின நாள் சாயங்காலம் சொல்லிவிட்டாராம். அவர் சொன்னதிலும் தப்பில்லை. மாமியார் ஷிப்டை விட்டால் வீட்டில் உலை வைக்க முடியாது. அங்கன்வாடியில் கேட்டதற்கு, பிள்ளைக்கு இரண்டு வயசாவது ஆகட்டும் என்றார்களாம்.

“போன செமஸ்டர்லயே இந்தப் பேப்பர் போச்சுங்க்கா. பாப்பாவுக்குக் காச்சல், பரீச்சைக்கு வரவே முடியல. இந்த வாட்டியும் அரியர் உழுந்துச்சுன்னா படிச்சது போதும், நீயும் தறிக்கு வந்துருன்னு ஊட்டுல சொல்லிட்டாங்க.”

“மூணு பெத்து வளத்தவ நானு. ஒண்ண ஒரு மணி வரைக்கும் பாக்க மாட்டனா? போய் எழுது சாமி” என்றேன். என் வாய்க்குத்தான் எப்போதும் நீளம் அதிகமாயிற்றே.

பால் புட்டி, பிஸ்கட், மாற்றுத் துணி, தொட்டில் கட்ட அவளுடைய பழைய சேலை ஒன்று. எல்லாவற்றையும் கொடுத்துவிட்டு, பாப்பாவின் முடியில் ஒட்டியிருந்த பஞ்சுத் துணுக்கை எடுத்துவிட்டாள். “ரொம்ப அழுதுச்சுன்னா வாட்ச்மேன் அண்ணங்கிட்டச் சொல்லி உடுங்க்கா. நான் எந்திரிச்சு வந்தர்றேன்” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அம்மா கேட்டுக்குள் மறைகிற வரைக்கும் பாப்பா சமர்த்தாகக் கையை ஆட்டினாள். அதற்குப் பிறகு ஆரம்பித்தாள் பாருங்கள், ஒரு அழுகை! புட்டியைக் கொடுத்தால் தட்டிவிட்டாள். பிஸ்கட்டைத் தூக்கி எறிந்தாள். கண்ணைக் கசக்குகிறாள், கொட்டாவி விடுகிறாள், தூக்கத்துக்கான அழுகைதான் என்று தெரிகிறது. ஆனால் தொட்டிலில் போட்டால் விலுக்கென்று முழித்துக்கொண்டு அலறுகிறாள்.

பிள்ளை தூங்கட்டும் என்று நான் மெஷினை நிறுத்தினேன். கடகடவென்று ஓடுகிற ஃபேனை அணைத்துவிட்டு விசிறியால் வீசினேன். ஷட்டரைப் பாதி இறக்கினேன். பெஞ்சில் வந்து உட்கார்ந்தவர்களிடமெல்லாம், “உஸ், பேசாதீங்க” என்றேன். என் கடை அப்படி அமைதியாக இருந்ததை நானே அன்றைக்குத்தான் பார்த்தேன். அழுகை மட்டும் இன்னும் கூடியது.

நம் ஊரில் ஒரு பிள்ளை அழுதால் வைத்தியர்களுக்கா பஞ்சம்? ஜாக்கெட் வாங்க வந்த அம்மா, “கழுத்துல உரம் உழுந்திருக்குதுங்க, சீலையில போட்டு உருட்டோணும்” என்றார். பஸ்ஸுக்கு நின்றிருந்தவர் ஷட்டருக்குக் கீழே குனிந்து பார்த்து, “கண்ணு பட்டிருக்கும், உப்புச் சுத்திப் போடுங்க” என்றார். பக்கத்துக் கடையில் ஜெராக்ஸ் போடுகிற பெண் வந்து எட்டிப் பார்த்துவிட்டு, “அக்கா, உங்க மூஞ்சியப் பாத்துத்தான் பயந்திருக்கும். கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்புங்க” என்றாள். சிரிக்கிற நிலையில் நான் இல்லை. பாப்பாவுக்குத் தொண்டை கம்மிவிட்டது. அழுது அழுது மூச்சுப் பிடித்து, உதடும் கறுத்துவிட்டது.

பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு கேட்டுக்குப் போனேன். வாட்ச்மேன் பார்த்ததும் எழுந்தார்.

“கூப்பிடட்டுங்களா? ஆனா ஒண்ணுங்க, வெளிய வந்துட்டா மறுபடி உள்ள உட மாட்டாங்க.”

வாயில் ‘கூப்பிடுங்கள்’ என்ற வார்த்தை வந்து நிற்கிறது. கூப்பிட்டால் பிள்ளை அழுகையை நிறுத்தும், அந்தப் பெண்ணின் படிப்பும் அதோடு நின்றுவிடும். கூப்பிடாமல் இருந்து பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிட்டால்? பெற்றவளிடம் என்ன பதில் சொல்வது? பிள்ளையின் முதுகைத் தட்டியபடி அங்கேயே நின்றேன்.

அப்போதுதான் ஒரு போர்வெல் லாரி டீக்கடை முன்னால் ஓரங்கட்டியது. டிரைவர் என்ஜினை அணைக்காமலே இறங்கி டீ சொன்னார். எனக்குக் காலுக்கடியில் தரை அதிர்ந்தது. பாப்பாவின் அழுகை சட்டென்று நின்றது. தலை என் தோளில் சாய்ந்தது, கண் சொருகியது. நான் மூச்சு விடவில்லை. டிரைவர் டீயைக் குடித்துவிட்டு வண்டியை எடுத்தார். சத்தம் தூரமாகப் போனதும் பாப்பா மறுபடியும் வீல் என்றாள்.

“ஏனுங்க, லாரிக்காரன் புள்ளைங்களா இது?” என்று வாட்ச்மேன் சிரித்தார்.

அவர் விளையாட்டாகச் சொன்னார். எனக்குக் காலையில் முடியில் ஒட்டியிருந்த பஞ்சு ஞாபகம் வந்தது. தறிக்கூடத்துப் பிள்ளையல்லவா இது! வயிற்றில் இருந்த நாளிலிருந்து தறிச் சத்தம். வீடு இருப்பதும் தறி ஓடுகிற தெருவில். ராத்திரி பகல் என்று இல்லாமல் சுவரும் தரையும் அதிர்ந்துகொண்டே இருக்கிற இடம். அங்கே இருக்கிறவர்களுக்கு அது சத்தம் என்றே தோன்றாது, அதனால் பெற்றவளுக்கும் சொல்லத் தோன்றவில்லை. நானோ இருக்கிற சத்தத்தையெல்லாம் ஒவ்வொன்றாக அணைத்து, பிள்ளையைப் பயமுறுத்தியிருக்கிறேன்.

ஜெராக்ஸ் கடைப் பெண்ணிடம் சொன்னேன். அவள் கெட்டிக்காரி, உடனே செல்போனில் தறி ஓடுகிற வீடியோ ஒன்றைப் பிடித்து பாப்பாவின் காதருகே வைத்தாள். பாப்பா செல்லைப் பிடுங்கப் பார்த்தாள், கிடைக்கவில்லை என்றதும் அதற்கும் சேர்த்து அழுதாள். “சத்தம் காதோட நின்னுக்குதுங்க்கா, ஒடம்பு குலுங்க மாட்டேங்குது” என்றாள் அந்தப் பெண். பிறகு இரண்டு பேரும் ஒரே சமயத்தில் தெருக்கோடியைப் பார்த்தோம். அங்கே மாவு மில் இருந்தது. ஷட்டரை முழுசாக இறக்கிவிட்டு, பிள்ளையும் தொட்டில் சேலையுமாக அங்கே போனேன்.

மில்காரர் அறுபதை நெருங்கியவர். அதிகம் பேச மாட்டார், பேசினால் சிடுசிடுப்பார். “அம்மிணி, பச்சப் புள்ளயத் தூக்கிட்டு இந்தத் தூசிக்குள்ள வாரீங்களே, அறிவிருக்குதா?” என்றுதான் ஆரம்பித்தார். விஷயத்தைச் சொன்னேன். எனக்கு வெயிலில் மூளை குழம்பிவிட்டது என்று நினைத்தாரோ என்னவோ, என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, மில்லுக்குப் பக்கவாட்டில் தகரக் கூரை இறக்கியிருந்த சாய்ப்பைக் காட்டினார். தூசி வராமல் மில்லுக்கும் சாய்ப்புக்கும் நடுவில் இருந்த ஜன்னலைச் சாத்தினார். சாய்ப்பின் இரும்புக் கம்பியில் அவரே சேலையை இழுத்து முடிச்சுப் போட்டுக் கொடுத்தார். அன்றைக்கு அவரிடம் கோழிப்பண்ணைக்காரர் போட்டுவிட்டுப் போன மக்காச்சோள மூட்டைகள் இருந்தன. மில் ஓட ஆரம்பித்ததும் தகரம், கம்பி, தொட்டில் எல்லாம் அதிர்ந்தன. பேசினால் எனக்கே என் குரல் கேட்கவில்லை.

பாப்பா ஒரு விக்கல் விக்கினாள். கட்டை விரலை வாயில் வைத்தாள். தூங்கிவிட்டாள்.

நான் அப்படியே சுவரில் சாய்ந்து உட்கார்ந்தேன்.

கொஞ்ச நேரத்தில் ஒரு அம்மா வருஷத்துக்கான மிளகாயை மூட்டையாகக் கட்டித் தலையில் தூக்கிக்கொண்டு வந்தார். மில்காரர் வாசலிலேயே மறித்து, “இன்னிக்கு மொளகா அரைக்கறதில்லீங்க” என்று கத்தினார்.

“ஏனுங்ணா, நான் என்ன ஓசியிலயா அரைக்கச் சொல்றேன்? கழுத்து ஒடியச் சொமந்துட்டு வந்திருக்கறேன். மக்காச்சோளத்துக்கு ஒரு நாயம், மொளகாய்க்கு ஒரு நாயமா?”

மில்காரர் சாய்ப்பைக் கையால் காட்டினார். அந்த அம்மா வந்து சேலையை விலக்கிப் பார்த்தார். “ஆரு புள்ளைங்க?” என்று என் காதுக்குள் கேட்டார். காலேஜில் பரீட்சை எழுதுகிற பெண்ணுடைய பிள்ளை என்று சொன்னேன். “இத மொதல்லயே வாயத் தொறந்து சொல்றதுக்கென்ன அந்த மனுசனுக்கு?” என்று சொல்லிவிட்டு, மிளகாய் மூட்டையைத் தெருவுக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

பரீட்சை முடிய இன்னும் நேரம் இருக்கிறது, மக்காச்சோளம் தீர்ந்துவிட்டது. காலி மில்லை ஓட்டினால் கல் இரண்டும் உரசித் தேய்ந்துபோகுமாம். சத்தம் குறைய ஆரம்பித்ததும் தொட்டில் அசைந்தது. எங்கள் மூன்று பேருக்கும் முகம் செத்துவிட்டது. மில்காரர் ஓடிப் போய் அரைத்து வைத்த மக்காச்சோளத்தையே அள்ளி மறுபடியும் கொட்டினார்.

“இன்னுங் கொஞ்சம் நைசாத் தின்னாக் கோழி கோவிச்சுக்குமா என்ன?” என்றார்.

மிளகாய்க்கார அம்மா எழுந்தார். “நம்ம ஊட்டுல கம்பு கெடக்குதுங்ணா. எடுத்துட்டு வாரேன், அது வரைக்கும் உட்டராம ஓட்டுங்க” என்று வேகமாக நடந்தார். ஜெராக்ஸ் கடைப் பெண்ணும் தெருவில் போய்ச் சொல்லியிருக்கிறாள். ஒருவர் ரேஷன் கோதுமையைக் கொண்டுவந்தார். ஒருவர் சத்து மாவுக்கு வறுத்து வைத்திருந்ததை அண்டாவோடு தூக்கி வந்தார். அரைக்க ஒன்றும் இல்லாத இரண்டு பேர் சும்மா பிள்ளையைப் பார்க்க வந்தார்கள். மில் நிற்கவில்லை.

பரீட்சை முடிந்து வந்தவள் முதலில் பார்த்தது மூடிக் கிடந்த என் கடையைத்தான். அவளுக்கு எப்படி இருந்திருக்கும்! வாட்ச்மேன் கையைக் காட்டியதும், ஹால் டிக்கெட்டைப் பிடித்தபடி தெருவில் ஓடிவந்தாள். என்னமோ கத்தினாள், மில் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. நான் தொட்டிலைக் காட்டினேன். சேலையை விலக்கிப் பார்த்தவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். என்ன நடந்தது என்று காதோடு சொன்னேன். சிரிப்பும் அழுகையும் கலந்து வந்தது அவளுக்கு.

மில்காரர் மோட்டாரை நிறுத்தினார். தெருவே ஓய்ந்தது. அந்த நொடியில் பாப்பா கண்ணைத் திறந்தாள். எல்லோரும் சிரித்துவிட்டோம்.

“எழுதீட்டயா அம்மிணி?” என்று கேட்டார் மில்காரர்.

“எழுதீட்டனுங்க. எல்லாக் கேள்விக்கும் எழுதீட்டனுங்க.”

“அடுத்த பரீச்ச என்னிக்கு?”

“நாளான்னிக்குங்க. அதுவும் காலையிலதானுங்க.”

அவர் தலையை மட்டும் ஆட்டிவிட்டு உள்ளே போய்விட்டார். மறுநாள் பார்த்தால் மில் சுவரில் சாக்பீஸால் எழுதியிருந்தது: பரீட்சை முடியும் வரை மிளகாய் சாயங்காலம் மட்டும்.

மிச்சப் பரீட்சைகளையும் அவள் அப்படித்தான் எழுதினாள். ஒரு நாள் ஷிப்ட் இல்லாத மாமியாரும் வந்து பார்த்தார். “எங்க தறிக்கு உங்க மில்லு கொஞ்சம் சத்தம் கம்மிதானுங்க, பரவால்ல” என்று மில்காரரிடம் அவர் சொன்னதை நினைத்தால் இன்றைக்கும் சிரிப்பு வருகிறது. ரிசல்ட் வந்தது. பெரிய மார்க் எல்லாம் இல்லை, எல்லாவற்றிலும் பாஸ். “படிக்கட்டும் உடுங்க” என்று வீட்டில் சொல்லிவிட்டார்கள்.

கல்லூரி மறுபடி திறந்தபோது நானும் மிளகாய்க்கார அம்மாவும் ஜெராக்ஸ் கடைப் பெண்ணும் நாள் பிரித்துக்கொண்டு பாப்பாவைப் பார்த்துக்கொண்டோம். என் மெஷின் சத்தத்துக்கே தூங்க மெல்ல மெல்லப் பழகிவிட்டாள். அங்கன்வாடியில் சேர்கிற வயசு வரும்வரை எங்களிடம்தான் இருந்தாள். அதைக் கேள்விப்பட்டு இன்னொரு பெண்ணும் கைக்குழந்தையோடு வந்தாள். கடையின் பின்பக்கம் துணி மூட்டை போட்டிருந்த இடத்தைக் காலி செய்து பாய் விரித்தேன். முதலில் வந்தவள் படிப்பை முடித்து, இப்போது ஒரு நூல் மில்லின் ஆபீஸில் கணக்கு எழுதுகிறாள்.

காலேஜில் இடம் கிடைத்துவிட்டால் ஒரு பெண் படித்துவிடுவாள் என்றுதான் நானும் அதுவரை நினைத்துக்கொண்டிருந்தேன். அவள் உள்ளே நிம்மதியாக உட்கார்ந்து எழுதுவதற்கு வெளியே எத்தனை பேர் எழுந்து நடக்க வேண்டியிருக்கிறது என்பதை அன்றைக்குத்தான் பார்த்தேன். இப்போதெல்லாம் பரீட்சை நாளில் யாராவது ஒரு பெண் உள்ளே போகாமல் கேட் பக்கத்தில் தயங்கி நின்றால், பிள்ளையை யாரிடம் விட்டுவிட்டு வந்திருக்கிறாய் என்றுதான் முதலில் கேட்கிறேன்.