கால்கட்டு

பிறந்து பத்து நாள்கூட ஆகாத கிடேரிக் கன்றின் முன்னங்காலை அதன் தாயே மிதித்து ஒடித்துவிட்டது. அப்பா குனிந்து பார்த்தார். "இது தேறாது. நாளைக்கு ஏவாரி வந்தா புடிச்சுக் குடுத்தரலாம்" என்றார். எங்கே போகும் என்று கேட்கத் தேவையில்லை. எனக்கு வந்த ஆத்திரத்தில் சோறு இறங்கவில்லை. தாய் ஈன முடியாமல் தவித்தபோது இந்தக் கன்றை இழுத்து வெளியே எடுத்தவன் நான்.

அப்பாவிடம் கேட்காமல் மாட்டு டாக்டரம்மாவை வரவழைத்தேன். எலும்பை நேராக்கி, பஞ்சு சுற்றி, பிளாஸ்டிக் பைப்பை நெடுக்காகப் பிளந்து அணை கொடுத்து மாவுக்கட்டுப் போட்டார். "நனையாமப் பார்த்துக்குங்க, நடந்துரும்" என்றார். அந்தச் சந்தோஷத்தில் சொந்தக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் எழுதினேன்: "ஒருவழியா கால்கட்டு போட்டாச்சு!" கூடவே அனுப்பிய கன்றின் படம் எங்கள் தோட்டத்து சிக்னலில் சுற்றிக்கொண்டே இருந்தது.

முப்பத்தாறு வயதாகியும் பெண் அமையாதவன் எழுதக்கூடாத வரி அது. கால்கட்டு என்றால் ஊருக்கெல்லாம் கல்யாணம்தானே? படம் போய்ச் சேர்வதற்குள் வாழ்த்துகள் குவிந்துவிட்டன. சொல்லாமல் கொள்ளாமல் கல்யாணமா என்று ஒரு சித்தப்பா கோபித்துக்கொண்டு குழுவைவிட்டே போய்விட்டார்.

குமாரபாளையத்தில் தறி ஓட்டும் அத்தை, அப்பாவுக்கு அக்கா, படத்துக்கெல்லாம் காத்திருக்கவில்லை. மறுநாள் காலையில் புதுச்சேலை, பூ, பழத்தோடு வந்து இறங்கினார்.

"மருமக எங்க சாமி?"

கட்டுத்தறியைக் காட்டினேன். அங்கே வியாபாரி கயிற்றோடு நின்றிருந்தார். விஷயம் விளங்கியதும் அத்தை என்னைத் திட்டிய திட்டில் எருமைகூட எழுந்து நின்றது. மூச்சு வாங்கிக்கொண்டு அப்பா பக்கம் திரும்பினார்.

"இதைய எங்கடா ஏத்தறீங்க?"

"கால் ஒடிஞ்சது, எதுக்குங்க்கா ஆகும்?" என்று அப்பா முனகினார்.

அத்தை சேலையை உதறிப் பிரித்துக் கன்றின்மேல் போர்த்தினார். "நாஞ் சேலை போட்டாச்சு. ஊட்டுக்கு வந்த மருமகள அடிமாட்டுக்கு அனுப்புவியா? அனுப்பு, பாக்கறேன்."

அக்கா பேச்சை அப்பா என்றைக்கும் மீறியதில்லை. வியாபாரி இரண்டு வாழைப்பழத்தோடு கிளம்பினார்.

கட்டுப் பிரித்த அன்று கன்று நாலு காலில் துள்ளி ஓடியது. நான் வெட்கமில்லாமல் அழுதேன்.

இப்போது அது இரண்டு ஈற்று கண்ட பசு. அத்தை எப்போது வந்தாலும் முதலில் அதன் கழுத்தைத் தடவுவார். பிறகு என்னைப் பார்ப்பார்.

"இவளுக்குப் போட்ட கட்டு அவுந்தே நாலு வருசமாச்சு. உனக்கு எப்பச் சாமி போடறது?"