டாக்டர் பார்த்துக்கொண்டிருக்கிறார்

அமெரிக்காவின் டெக்சாஸில், ஃபிரிஸ்கோ நகரில் குடியேறிய முதல் வருடம், வாரம் இரண்டு நாள் காலையில் பக்கத்து ஊரான பிளானோவில் ஒரு நூலகத்தில் நடந்த ஆங்கில வகுப்புக்குப் போனேன். அதற்கு முன் சென்னையில் தமிழ் நாளிதழ் ஒன்றில் நிருபராக இருந்தேன். ஆங்கிலம் படித்தால் புரியும். பேசினால் தந்தி வாசகம் போல வரும். கணவரின் விசாவில் வந்திருந்ததால் வேலை பார்க்க அனுமதி இல்லை.

என்னோடு காரில் வந்தவள் கரூர்ப் பக்கத்துப் பெண். எங்கள் குடியிருப்பிலேயே மாடியில் வீடு. முப்பது வயதுகூட ஆகவில்லை. அவள் கணவர் டோல்வே என்ற சுங்கச் சாலையோரத்து அலுவலகம் ஒன்றில் மென்பொருள் வேலை பார்த்தார். வகுப்பில் சேரச் சொன்னதும் அவர்தான்.

பாடம் நடத்தியவர் ஓய்வுபெற்ற அமெரிக்க ஆசிரியை. முன்பின் தெரியாதவரிடம் மொட்டையாகக் கேள்வி கேட்கக் கூடாது என்றார். "வேர் இஸ் த பேங்க்" என்றால் அதட்டுவது போலிருக்குமாம். "குட் யூ டெல் மீ" என்று தொடங்கி, கேள்வியை வாக்கியத்துக்குள் வைக்க வேண்டும். உள்ளே போனதும் சொற்களின் வரிசை மாறிவிடும்: "குட் யூ டெல் மீ வேர் த பேங்க் இஸ்." ஆமாம், இல்லை என்று பதில் வரும் கேள்வியானால் நடுவில் ஓர் "இஃப்".

"ஏனுங்க்கா, 'இஸ்' கடைசில போயிருச்சு பாருங்க, நம்ம தமிழாட்டவே" என்று பக்கத்தில் இருந்த கரூர்ப் பெண் கிசுகிசுத்தாள். பிறகு, "எங்கூர்ல பஸ்ஸு எப்ப வரும்னு இத்தன சுத்திக் கேட்டம்னா, பஸ்ஸே போயிருமுங்க."

என் தொழிலில் சுற்றிக் கேட்க நேரம் கிடையாது. விபத்துச் செய்தி வந்தால் காவல் நிலையத்துக்குப் போன் செய்து, "எத்தனை பேர் சார்?" என்போம். அவர்கள் எண்ணிக்கையைச் சொல்வார்கள். எதன் எண்ணிக்கை என்று இருவருமே சொல்லிக்கொள்ள மாட்டோம்.

திரும்பும் வழியெல்லாம் அவள் பயிற்சி செய்தாள். முன்னால் ஊர்ந்த லாரியைப் பார்த்து, "குட் யூ டெல் மீ ஒய் யூ ஆர் ஸோ ஸ்லோ?" என்று கண்ணாடி வழியாகக் கேட்டுவிட்டுத் தானே சிரித்தாள்.

அடுத்த வகுப்பின் நடுவில் அவள் போன் அதிர்ந்தது. அவள் கணவரின் அலுவலக நண்பர். கணவருக்கு மீட்டிங்கில் மயக்கம் வந்துவிட்டது, ஆம்புலன்ஸில் கொண்டுபோகிறார்கள், பயப்பட ஒன்றுமில்லை, யாரையாவது கூட்டிக்கொண்டு வாருங்கள் என்றார். நான் காரை எடுத்தேன்.

மருத்துவமனையின் அவசரப் பிரிவு வாசலில் மூன்று தமிழர்கள் நின்றிருந்தார்கள். அலுவலக அடையாள அட்டைகள் இன்னும் கழுத்தில் தொங்கின. உட்கார நாற்காலிகள் இருந்தும் ஒருவரும் உட்காரவில்லை. ஒருவர் கையில் அவள் காலையில் கட்டிக் கொடுத்த சாப்பாட்டுப் பை இருந்தது. எங்களைக் கண்டதும் பேச்சு நின்றது. இப்படி நிற்பவர்களை அரசு மருத்துவமனை வாசல்களில் நிறையப் பார்த்திருக்கிறேன். பேனாவை எடுக்கலாமா என்று யோசிக்க வைக்கும் நிற்பு அது.

"ஒண்ணும் இல்ல சிஸ்டர், டென்ஷன் ஆகாதீங்க" என்றார் போன் செய்த நண்பர். "டாக்டர் பாத்துட்டிருக்காங்க."

"பேசுறாருங்களா?"

"டாக்டர் பாத்துட்டிருக்காங்க சிஸ்டர். காபி ஏதாவது வாங்கிட்டு வரட்டுமா?"

நர்ஸ் ஒருத்தி வெளியே வந்து, மனைவி வந்துவிட்டாரா என்று கேட்டாள். நண்பர் விரைந்து போய்த் தாழ்ந்த குரலில் ஏதோ சொன்னார். "ஃபைவ் மினிட்ஸ்" என்பது மட்டும் என் காதில் விழுந்தது. திரும்பி வந்து, "கோயில்ல பாப்பீங்களே, அந்த ஆன்ட்டி வந்துட்டிருக்காங்க. அவங்க வந்ததும் எல்லாரும் சேர்ந்தே டாக்டர்கிட்ட பேசிடலாம்" என்றார். அவள் விழுந்தால் தாங்க வயதான ஒரு பெண் வேண்டும் என்று நினைத்திருந்தார்கள்.

அவள் அவர் முகத்தையே பார்த்தாள். "அண்ணா, நேராச் சொல்லுங்க. உசுரு இருக்குதுங்களா, இல்லீங்களா?"

"ஐயோ, என்ன சிஸ்டர் இது! அப்படியெல்லாம் பேசக் கூடாது. கடவுள் இருக்கார்."

"அவரு இருக்கட்டுமுங்க. நான் எங்க வீட்டுக்காரரக் கேக்கறேன்."

அவள் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு வரவேற்பு மேசைக்கு நடந்தாள். அங்கே இருந்த பெண்ணிடம், வகுப்பில் சொல்வது போல ஒவ்வொரு சொல்லாக நிறுத்திக் கேட்டாள்: "குட் யூ டெல் மீ இஃப் மை ஹஸ்பண்ட் இஸ் அலைவ்?"

ஒரு பிழையும் இல்லை. அந்தப் பெண் எழுந்து வந்து எங்களைச் சிறிய அறை ஒன்றுக்கு அழைத்துப் போனாள். இரண்டு சோபாக்கள், ஒரு விளக்கு, மேசையில் காகிதக் கைக்குட்டைப் பெட்டி. டாக்டர் வந்தார். நின்றபடி பேசாமல், அவளுக்கு எதிரே உட்கார்ந்தார். அவள் பெயரைச் சொல்லி, "ஹி டைடு" என்றார். அதற்குப் பிறகு இதயம் பற்றி அவர் சொன்னதில் பாதி எனக்குப் புரியவில்லை. அவள் அதைக் கேட்டதாகவே தெரியவில்லை.

அவள் கணவரின் உடலைப் பார்த்துவிட்டு நாங்கள் வெளியே வந்தபோது ஆன்ட்டியும் வந்திருந்தார். ஊருக்கு யார் சொல்வது என்ற பேச்சு நடந்தது. "நான் பேசறேன் சிஸ்டர்" என்றார் நண்பர். "வேண்டாமுங்க" என்று அவள் தன் போனை எடுத்தாள். நாற்காலியில் உட்கார்ந்து, ஸ்பீக்கரில் போட்டு மடியில் வைத்துக்கொண்டாள். மாமியார் எடுத்தார்.

"அத்தை, அவருக்குக் கொஞ்சம் முடியலீங்க. ஆஸ்பத்திரில இருக்கறோம். சீரியஸுன்னு சொல்றாங்க."

"ஐயோ சாமி! காலைல பேசுனானே. உசுருக்கு ஒண்ணும் இல்லீல்ல கண்ணு?"

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு போனைப் பார்த்தாள்.

"டாக்டர் பாத்துட்டிருக்காங்க அத்தை."

அந்தப் பக்கம் போன் கை மாறும் சத்தம் கேட்டது. மாமனார். அவர் எதையும் கேட்கவில்லை.

"செரி சாமி. உங்க அத்தைகிட்ட நான் சொல்லிக்கறேன். நீ போன வை."