கறுப்பு நாடாக்காரி

தோக்கியோவில் மதிய நாடகம் பார்க்கிற எவருக்கும் நெசு ஹிசானோவின் முகம் தெரியும், பெயர்தான் தெரியாது. கதை தொடங்கும் முன்பே செத்துப்போன அம்மா ஒருத்தி இருப்பாளே, புத்தர் மாடத்தில் கறுப்பு நாடா கட்டிய படமாக, முன்னால் கிண்ணச் சோறும் ஊதுபத்தியுமாக, அது இவள்தான். நாயகி மூக்கை உறிஞ்சிக்கொண்டு "அம்மா, நான் என்ன பண்ணுவேன்" என்று கேட்பாள். பதில் சொல்லாமல் இருப்பதுதான் இவள் தொழில்.

நான் அந்த நாடகங்களை எடுக்கிற தொலைக்காட்சி நிலையத்தில் சிகையலங்காரக்காரி. படத்துக்குக் கொண்டை போட்டவள் நான், ஆகவே அந்தச் சாவுகளில் எனக்கும் பங்குண்டு.

நீகாதாவிலிருந்து நாயகியாகும் கனவோடு ரயிலேறி வந்தவள் ஹிசானோ. வந்த புதிதில் ஒரு நடிகை, உயிரோடிருக்கிறவள் படத்துக்கு நாடா கட்டினால் ஆயுசு குறையும் என்று முரண்டு பிடித்தாள். "நான் இருக்கேன் சார்" என்று இவள் கையைத் தூக்கினாள். தூக்கிய கை தூக்கியதுதான், அதன்பிறகு இவளை யாரும் பிழைக்க விடவில்லை. படம் எடுத்து முடிந்ததும் தோஷம் கழிய ஒரு பொட்டலம் உப்பு தருவார்கள். மற்றவர்கள் தோளில் தூவிக்கொள்வார்கள். இவள் வீட்டுக்குக் கொண்டுபோய் முள்ளங்கி ஊறப்போடுவாள்.

ஒருநாள் தோஃபு கடைக்காரி இவளைப் பார்த்ததும் இரண்டு கையையும் கூப்பிக் கண்ணை மூடிவிட்டாள்.

"ஐயையோ, மன்னிச்சிருங்கம்மா, கை தானாப் போயிருச்சு!"

"பரவால்ல. கும்பிட்டதுக்கு ஒரு துண்டு சேர்த்துப் போடுங்க."

சிரித்துத்தான் சொன்னாள். ஆனால் அவளுக்கு ஒரே ஏக்கம். உயிரோடு, திரையில், ஒரே ஒரு வசனம் பேச வேண்டும். படம் சட்டத்தில் இருந்தால் போதும், ஆள் வரத் தேவையில்லை. இவளோ தினமும் வந்து கேமராவுக்குப் பின்னால் நிற்பாள், யாருக்காவது தொண்டை கட்டாதா என்று. ஒருவருக்கும் கட்டவில்லை. நின்ற நேரத்தில் ஒரு புத்தகம் எழுதினாள்.

தன் படத்தின் முன்னால் எந்த நட்சத்திரம் கண்ணில் சொட்டு மருந்து போட்டு அழுகிறாள், எவள் பிரார்த்தனை என்ற பெயரில் இரவுச் சமையலுக்கு என்ன வாங்குவது என்று முணுமுணுக்கிறாள், எல்லாம் அதில் இருந்தது. புத்தகம் பிய்த்துக்கொண்டு போனது. பேர் வந்தவர்களுக்குக் கோபம், பேர் வராதவர்களுக்கு அதைவிடக் கோபம். என்னைப் பற்றி, என் விரல்களில் காய்ந்த கணவாய் மீன் வாடை அடிக்கும் என்று எழுதியிருந்தாள். பொய்யில்லை. அதற்காக அச்சிலா போடுவது?

தயாரிப்பாளர் மொகாமி அந்தப் புத்தகத்தை நாடகமாக்கக் கிளம்பினார். தன் வேடம் தனக்குத்தான் என்று ஹிசானோ கண்ணாடி முன்னால் வசனம் பேசிப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒருநாள் மொகாமி பயறு இனிப்புப் பெட்டியோடு ஒப்பனை அறைக்கு வந்து இடுப்பு ஒடியக் குனிந்தார். இந்த மனிதர் இவ்வளவு குனிந்தால் எங்கோ குழி வெட்டியிருக்கிறார் என்று அர்த்தம்.

"அம்மா, நாயகியா நம்ம இளம் நட்சத்திரம் யுரிகா நடிக்கிறாங்க. உங்க வயசு வர்றப்போ நரைமுடி மாட்டிக்கலாம்."

"அப்ப நான்?"

"நீங்க இல்லாமயா! நாடகத்தோட கடைசி நாள்ல ஹிசானோ செத்துடறா. யுரிகாவோட கம்பெனிக்காரங்க அவங்க படத்துக்கு நாடா கட்டக் கூடாதுங்கறாங்க. அதான் உங்க படத்த..."

"நான் செத்தா என் படம் வைக்கலாம்ங்கறீங்க."

"ஜனங்களுக்கும் பழகிப்போச்சுல்ல!"

எனக்கு வந்த ஆத்திரத்தில் சீப்பை ஒடித்துவிட்டேன். அவள் நிதானமாக ஒரு துண்டு இனிப்பை மென்று விழுங்கினாள்.

"சரி சார். ஊதுபத்தி ஏத்த வர்ற பக்கத்து வீட்டுக்காரி நானா இருக்கணும். வசனத்தோட. இல்லாட்டி புத்தகத்தத் திருப்பிக் குடுத்துருங்க."

"ஒரே வரிதாம்மா இருக்கு."

"போதும்."

அந்த வரி: "ரொம்ப நல்ல மனுஷி, யாரையும் ஒரு வார்த்தை சொன்னதில்ல." எழுதினவனை என்னவென்று சொல்வது.

கடைசி நாள் படப்பிடிப்பு. ஹிசானோவுக்கு அடையாளம் தெரியாதபடி நரைத்தலையும் மூக்குக்கண்ணாடியும் மாட்டிவிட்டேன். அன்றிரவே ஒளிபரப்பு, நேரம் கழுத்தைப் பிடித்தது. ஹிசானோ மண்டியிட்டாள், ஊதுபத்தி ஏற்றினாள், மணியைத் தட்டினாள். தன் படத்தை நிமிர்ந்து பார்த்தாள். கை கூப்பவில்லை.

"போதும்டி ஹிசானோ. எவ்வளவு காலம்டி அங்கயே உக்காந்திருப்ப? எறங்கு."

கேமரா ஓடிக்கொண்டே இருந்தது. அவள் எழுந்து, நாடாவைப் பிடுங்கிப் போட்டு, படத்தை அக்குளில் இடுக்கிக்கொண்டு நடந்தாள். மொகாமி ஓடினார்.

"அம்மா! படத்த வச்சிட்டுப் போங்க! மறுபடி எடுக்கணும்! அடுத்த மாசம் வேற ரெண்டு சாவு இருக்கு!"

"வேற யாரையாச்சும் சாகடிச்சுக்குங்க சார்."

எனக்கு அழுகை வந்துவிட்டது, சொட்டு மருந்து இல்லாமலே. சட்டத்தில் வைக்க வேறு படம் இல்லை, யுரிகாவின் படத்தைத் தொடக் கூடாது. அந்தக் காட்சியை வெட்டினால் கதையில் சாவே இல்லாமல் போய்விடும். மொகாமி வாயில் வந்தபடி திட்டிக்கொண்டே எடுத்ததை அப்படியே ஒளிபரப்புக்கு அனுப்பிவைத்தார். அன்றிரவு அந்த வசனம் முழுசாக ஒளிபரப்பானது.