மகளின் சாரும் என் கருவாட்டு விலையும்

கருவாட்டு வியாபாரத்துக்கு மூலதனம் இரண்டு: உரத்த தொண்டை, சட்டென்று வரும் கோபம். எஸ்டேட் லயத்திலிருந்து வெறுங்கையோடு வந்தவன், பத்தாங் பெர்ஜுந்தாய் ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் இந்த இரண்டையும் வைத்தே என் மகளைப் படிக்க வைத்தேன். கவிதா இப்போது புஞ்சாக் ஆலாம் பல்கலைக்கழகத்தில் கணிதப் பட்டப்படிப்பு. ஞாயிறானால் கடையில் வந்து நிற்பாள், வாயைத் திறந்தால் "எங்க சார் சொன்னாரு." ஒரே ஒரு தடவை "எங்கப்பா சொன்னாரு" என்று வராதா? பிள்ளையைப் படிக்க வைத்துவிட்டு வயிறெரியும் அப்பாக்களே, உங்களுக்குத்தான் எழுதுகிறேன்.

மஞ்சள் கோடு

என் கடைக்கும் காய்கறி மணியத்தின் கடைக்கும் நடுவே தரையில் ஒரு மஞ்சள் கோடு. அதன்மேல் அவன் முருங்கைக்காய்க் கட்டை வைப்பான். நான் கத்துவேன், அவனும் கத்துவான். ஐந்து வருஷச் சண்டை. ஒரு ஞாயிறு கவிதா குனிந்து, கோட்டின்மேல் சாக்குக்கட்டியால் ஒரு வட்டம் போட்டாள். "எவ்வளவு சின்ன வட்டம் போட்டாலும் கொஞ்சம் நம்ம பக்கம், கொஞ்சம் மணியம் அங்கிள் பக்கம். இதுதான் எல்லை. நம்ம இடத்தோட கோட்டையும் சேர்த்துக்கிட்டா கணக்குல அது மூடிய செட், விட்டுட்டா திறந்த செட். ரெண்டு பேரும் விட்டுருங்க. எங்க சார் இப்படித்தான் சொல்லிக் கொடுத்தாரு."

மணியம் கட்டை எடுத்துக்கொண்டான். "அண்ணே, நீங்க அஞ்சு வருஷம் கத்துனதுக்கு அந்த சாரைக் கூட்டியாந்திருக்கலாம் லா."

ஸ்கேலும் லோரியும்

கடலோரச் சுங்கை செம்பிலாங்கிலிருந்து கருவாட்டுச் சரக்கு ஏற்றிவரும் லோரிக்காரர் சாமி, தூரத்துக்கு ஏற்ப வாடகை கேட்பார். நான் வரைபடத்தில் ஸ்கேலை வைத்து நேராக அளந்து, "இவ்வளவுதான்யா தூரம், யார ஏமாத்துற?" என்று பாய்ந்தேன். மகள் எனக்குப் பரிந்து பேசுவாள் என்று பார்த்தால், நேர்கோட்டில் அளந்தாலும் தூரம்தானாம், ரோட்டில் அளந்தாலும் தூரம்தானாம். எதை வைத்து அளக்கிறோம் என்று முதலில் முடிவு பண்ணிவிட்டுத்தான் சண்டையே போடணுமாம். அதுவும் சார் சொன்னதுதான்!

சாமி சிரிக்காமல் சொன்னார்: "சரிண்ணே, அடுத்த வாரம் மூட்டைய காக்கா முதுகுல ஏத்தி நேர்கோட்டுலயே அனுப்புறேன்."

பாதி பாதியாக

"அப்பா, எங்க சார் வந்திருக்காரு" என்று ஒரு நாள் அந்த ஆளையே கொண்டுவந்து நிறுத்தினாள். என்னைவிட இளையவர், அதுவே எரிச்சலாக இருந்தது. நெத்திலி கிலோ நாற்பது வெள்ளி என்றேன். இருபது என்றார். முப்பது என்றேன். இருபது. இருபத்தைந்து. இருபது. என் வழக்கம் அதுதான்: இருக்கிற இடைவெளியில் பாதிதான் இறங்குவேன், கேட்ட விலையைத் தொடவே மாட்டேன். இருபத்திரண்டரை. இருபத்தொன்றே கால். அவர் சின்ன நோட்டில் ஒவ்வொன்றாக எழுதிக்கொண்டார்.

"என்னய்யா எழுதுறீங்க? வாங்குறதுன்னா வாங்குங்க!" என்று கத்தினேன்.

"கோவிச்சுக்காதீங்கண்ணே. ஒரு எண் வரிசை தன்னோட எல்லையை நெருங்கிக்கிட்டே போறதைப் பத்தி வகுப்புல எவ்வளவோ சொன்னேன், யாருக்கும் புரியல. கவிதாதான் எழுந்து, 'எங்கப்பா விலை இறங்குற மாதிரி சார். நீங்க கேட்டதுக்கு எவ்வளவு கிட்ட வேணும்னாலும் வருவாரு, அந்த விலைய மட்டும் சொல்லமாட்டாரு'ன்னா. அதுக்கப்புறம்தான் எல்லாருக்கும் புரிஞ்சுது. அதான் நேர்ல பார்க்க வந்தேன்."

என் பெருமையை என்னிடம் சொல்லாமல் இந்த ஆளிடம் போய்ச் சொல்லியிருக்கிறாளே என்ற எரிச்சலோடு, வியாபாரம் தொடங்கிய நாளிலிருந்து முதல் தடவையாக, அவர் கேட்ட இருபது வெள்ளிக்கே கட்டிக் கொடுத்தேன்.