செவலை மேல் கட்டிய கிடாய்

எங்கள் பக்கம் திருவிழா என்றால் குதிரை வண்டிப் பந்தயம் உண்டு. ரோட்டில்தான் ஓடும். கோயில் முன்னால் கோடு போட்டிருப்பார்கள். அங்கே புறப்பட்டு, எல்கை என்று நட்ட கம்பத்தைச் சுற்றித் திரும்பி, அதே கோட்டுக்கு வர வேண்டும். பார்க்க வருகிறவர்கள் ஆளுக்கொரு குதிரை மேல் பந்தயம் கட்டுவார்கள். நானும் கட்டுவேன்.

எனக்கு ஒரு கணக்கு உண்டு. எந்தக் குதிரை ஜெயிக்கும் என்று பார்க்க மாட்டேன். அதை ஊரே சொல்லும். எந்தக் குதிரையை ஊர் ரொம்பக் குறைச்சலாக நினைக்கிறது என்று பார்ப்பேன். ஊர் தூக்கி வைத்த குதிரை ஜெயித்தால் ஒரு டீ கிடைக்கும். ஒதுக்கி வைத்தது எப்போதாவது ஜெயித்தாலும் போதும். தோற்றதையெல்லாம் அது ஈடுகட்டிவிடும்.

போன திருவிழாவுக்கு ஒரு வெள்ளைக் குதிரை வந்தது. நல்ல உயரம். அதற்கு பேனர் வைத்திருந்தார்கள். பேனரில் குதிரையைவிட வைத்தவர்கள் பெரிதாக இருந்தார்கள். ஊர் மொத்தமும் வெள்ளைப் பக்கம்.

நான் செவலையைப் பார்த்தேன். எங்கள் ஊர்க் குதிரை. விலா எலும்பு தெரியும். போகும்போது கழுதை மாதிரிப் போகும். திரும்பும்போது, அதைக் கட்டிப்போடுகிற கொட்டடியில் கிடக்கிற கொள்ளு நினைவு வந்து பறக்கும். ரோட்டோரம் ஆடு மேய்க்கையில் தினமும் பார்க்கிறேன். பந்தயத்தில் பாதி திரும்புகிற பாதி. இது வேறு யாருக்கும் தோன்றவில்லை.

என் மனைவியின் அண்ணன் சிங்கப்பூரில் வேலை பார்க்கிறார். லீவில் வந்திருந்தார். அவர் திரும்பிப் போனால் இரண்டு வருஷம் அவர் பைக் சும்மா நிற்கும். எனக்கு அதன் மேல் கண். ஆட்டோடு இலுப்பூர் சந்தைக்கு பஸ் ஏறினால் கண்டக்டர் பேசுகிற பேச்சு அப்படி.

பந்தயத்துக்கு முந்தின நாள் டீக்கடையில் செவலை என்றேன். மச்சானுக்கு டீ புரை ஏறியது.

"மாப்ள, அது ஜெயிச்சா நான் வார வரைக்கும் பைக்கு ஒங்க வீட்ல நிக்கட்டும். தோத்தா?"

"கிடாய்."

ஒரு கிடாய்க்கு இரண்டு வருஷம் பைக். அந்த விலைக்கு நொண்டிக் குதிரை மேலும் கட்டலாம்.

வீட்டில் சொன்னேன். மனைவி என்னைப் பார்த்தாள். கிடாயைப் பார்த்தாள். கிடாய்க்குக் கொஞ்சம் கூடுதலாகத் தழை போட்டாள்.

பந்தயத்தன்று நானும் மச்சானும் கோட்டுக்குப் பக்கத்தில் நின்றோம். போகும்போது வெள்ளை முதல், செவலை கடைசி. மச்சான் போனில் படம் பிடித்துக்கொண்டே என் தோளைத் தட்டினார்.

வெகு நேரம் கழித்து வளைவில் ஒரு வண்டி தெரிந்தது. செவலை. வெள்ளை நல்ல தூரம் பின்னால். மச்சான் போனை இறக்கினார். பைக் சாவி அவர் சட்டைப் பையில் இருந்தது. நான் அதைப் பார்த்தேன்.

கோட்டுக்கு ஒரு கூப்பிடு தூரம் இருக்கும்போது செவலை ரோட்டை விட்டு இறங்கியது. நேராகக் கொட்டடிக்குள் போனது. சாரதி கயிற்றை இழுத்துப் பார்த்தார். வண்டியோடு அவரும் உள்ளே போய்விட்டார். வெள்ளை அந்த இடத்தைத் தாண்டி வந்து ஜெயித்தது.

கொட்டடி கோட்டுக்கு முன்னாலேயே வந்துவிடும். தினமும் பார்க்கிற இடம். இது எனக்குத் தோன்றவில்லை.

"ஒங்க குதிரதேன் மாப்ள மொதல்ல வீடு வந்து சேந்துச்சு" என்றார் மச்சான்.

மனைவிக்கு நான் போகும் முன்பே செய்தி போயிருந்தது. "கிடாய்க்கு நேத்தே தெரிஞ்சிருக்கு. போட்ட தழையத் திங்கல" என்றாள்.

மறுநாள் கிடாயைக் கொண்டுபோக மச்சான் பைக்கில் வந்தார். கிடாய் பைக்கில் தனியாக உட்காராது. நான் பின்னால் ஏறி அதை மடியில் வைத்துப் பிடித்துக்கொண்டேன். நல்ல வண்டி. மேடு பள்ளம் தெரியவில்லை.

கொட்டடி வந்ததும் மெதுவாகப் போகச் சொன்னேன். செவலை கொள்ளு தின்றுகொண்டிருந்தது. நிமிரவில்லை.

மச்சான் என் கணக்கு தப்பு என்றார். இடம் தப்பு, விலை தப்பில்லை என்றேன். "அடுத்து நீங்க வார திருவிழாவுக்கு கோட்ட கொட்டடி வர்றதுக்கு முன்னாடி போடச் சொல்லுங்க. இதே விலைக்குக் கட்டுறேன்."

"கட்ட என்ன இருக்கு ஒங்கள்ட்ட?"

"பெட்டை ஆடு ரெண்டு நிக்கிது."

மச்சான் வண்டியைக் கொஞ்சம் வேகமாக விட்டார்.